நீரடி ஒளிப்படக் கருவிகள்

நீரடி ஒளிப்படக் கருவிகள் என்பன நீருக்கு அடியில் ஒளிப்படமும் நிகழ்படமும் எடுக்கப் பயன்படும் படக்கருவிகள், அவற்றைக் காக்கும் நீர்காப்புக் கூடுகள், வில்லைகள், விளக்குகள், அவற்றைத் தாங்கும் கைகள் ஆகியவற்றின் தொகுதியாகும். பவளப்பாறை ஆய்வு, கடலடித் தொல்லியல், கப்பல் மற்றும் துறைமுகக் கட்டுமானங்களைச் சோதித்தல், திரைப்படம், பொழுதுபோக்கு முக்குளிப்பு எனப் பல துறைகளில் இவை பயன்படுகின்றன. நிலத்தில் பயன்படும் படக்கருவி பழுதடைந்தால் பெரும்பாலும் அதன் ஒரு பகுதியே பழுதடையும். நீரடிக் கருவியிலோ ஒரு மெல்லிய இரப்பர் வளையம் இடம் பிசகினால் கருவி முழுவதும் சில நொடிகளில் பயனற்றுப் போகும். ஆகவே இக்கருவிகளைத் தேர்ந்தெடுத்தல், பராமரித்தல், பழையனவாக வாங்கி விற்றல் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க இயலாது.

வரலாறு

1856ஆம் ஆண்டு வில்லியம் தாம்சன் என்பவர் இங்கிலாந்தின் வேமத் கடற்பகுதியில், பெட்டிக்குள் அடைத்த படக்கருவி ஒன்றைப் படகிலிருந்து நீருக்குள் இறக்கிப் படம் எடுத்தார். பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது. எனினும் தகட்டில் மங்கலானதொரு படம் பதிந்திருந்தது. நீர் புகுதல் என்னும் சிக்கல் இத்துறையின் முதற்படத்துடனேயே பிறந்துவிட்டது எனலாம். 1893இல் பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில் உயிரியலாளர் லூயி பூத்தான், தம் உடன்பிறந்தாரின் உதவியுடன் உருவாக்கிய கருவியைக் கொண்டு தாமே நீரில் மூழ்கிப் படங்கள் எடுத்தார். 1926இல் புளோரிடாக் கடலில் வில்லியம் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் ஆகிய இருவரும் நீருக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தனர். ஒளி போதாமையால் மிதவையின் மீது மக்னீசியத் தூளை எரித்து வெளிச்சம் உண்டாக்கினர். இப்படங்கள் 1927 சனவரியில் நேசனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன.

கூடு இல்லாமலேயே நீரில் இயங்கும் கலிப்சோ என்ற படக்கருவியை ழாக் கூஸ்தோவுக்காக ழான் டி வூட்டர்ஸ் வடிவமைத்தார். அதன் உரிமையைப் பெற்ற ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 1963இல் அதை நிக்கோனாஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அவ்வரிசையின் உற்பத்தி 2001இல் நிறுத்தப்பட்டது. கருவி மறைந்தபோதும் அதன் ஐந்து ஊசி மின் இணைப்பு மறையவில்லை. இன்று விற்கப்படும் மின்வெட்டொளி விளக்குகள் பலவும் அதே இணைப்பையே கொண்டுள்ளன.

தமிழர் வாழும் கடற்பகுதிகளில்

1956இல் இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமிமலைக்குக் கீழே முக்குளித்து, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் இடிக்கப்பட்ட கோணேசுவரர் கோயிலின் கற்றூண்களும் செதுக்கப்பட்ட கற்களும் கடலடியில் கிடப்பதைப் பதிவு செய்தனர். இதைப் பற்றிய செய்திகள் கிளார்க்கின் 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' (1957) என்னும் நூலில் உள்ளன. வில்சன் பின்னர் 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்கள வண்ணத் திரைப்படத்தை நீரடிக் காட்சிகளுடன் இயக்கினார்.

தமிழ்நாட்டில் பூம்புகார், மாமல்லபுரம் ஆகிய இடங்களின் கடற்பகுதிகளில் கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் ஆய்வு செய்துள்ளனர். மாமல்லபுரத்தில் 2002 ஏப்ரலில் பிரித்தானியக் குழுவொன்றும் உடனிருந்தது. அங்கு நீரின் ஆழம் அதிகமில்லை. ஆனால் அலையும் கலங்கலும் மிகுதி. படம் எடுப்போருக்கு ஆழத்தை விடக் கலங்கலே பெரிய எதிரி என்பதற்கு நம் கிழக்குக் கடற்கரை நல்ல சான்று.

இக்கருவிகளின் தேவை மிகவும் உணரப்படும் இடம் மன்னார் வளைகுடா ஆகும். 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா இங்கு 1986இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள பவளப்பாறைகளை ஆய்வாளர்கள் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட அளவுள்ள சட்டத்தை வைத்துத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, உயிருள்ள பவளத்தின் பரப்பை ஒப்பிடுகின்றனர். கடல்நீர் மிகையாகச் சூடேறும்போது பவளங்கள் வெளிறிவிடுகின்றன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு பெரும் வெளிறல் ஏற்பட்டது. வெளிறல் கோடையில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். அதன் முடிவில் பவளம் மீண்டிருக்கும், அல்லது இறந்து பாசி படர்ந்திருக்கும். அந்த வாரங்களில் படக்கருவிக்குள் நீர் புகுந்துவிட்டால், அதைப் பழுதுபார்த்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. எடுக்காத படம் எடுக்காததே.

நீரின் அழுத்தமும் ஒளியும்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 15 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கூட்டின் பின்கதவை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தில் அக்கதவின் மீது ஏறத்தாழ 540 கிலோ எடைக்கு நிகரான விசை செயல்படுகிறது. இவ்விசை கதவை வளையத்தின் மீது மேலும் இறுக்கவே செய்யும். ஆழத்தில்தான் கூடு ஒழுகும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் சரியாக மூடப்படாத கூடு பெரும்பாலும் முதல் ஓரிரு மீட்டரிலேயே, ஏன், படகிலுள்ள நன்னீர்த் தொட்டியிலேயே கூட ஒழுகிவிடும். அங்கே வளையத்தை இறுக்கும் அழுத்தம் இல்லை என்பதே காரணம்.

நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் சிவப்பு நிறம் பெரும்பாலும் இல்லாமற் போய், செந்நிற மீனும் சாம்பல் நிறமாகத் தெரியும். இங்கு கணக்கிட வேண்டியது ஆழத்தை மட்டுமன்று, ஒளி நீரில் கடந்துவரும் மொத்தத் தொலைவையும்தான். 5 மீட்டர் ஆழத்திலுள்ள பவளத்தை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி 8 மீட்டர் நீரைக் கடக்கிறது. நீரில் மிதக்கும் துகள்கள் விளக்கொளியைத் திருப்பி அனுப்புவதால் படமெங்கும் வெண்புள்ளிகள் விழும். விளக்கை வில்லைக்கு அருகில் வைக்காமல் இருபுறமும் விலக்கி வைப்பதன் நோக்கம் இதுவே.

தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒளிமுறிவினால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரிகின்றன. அகலக்கோண வில்லையின் பார்வைக் கோணமும் குறுகிவிடுகிறது. அரைக்கோள வடிவக் குவிமாட முகப்பு இக்குறையைப் போக்குகிறது. ஆனால் அது காட்சியைக் குவிமாடத்துக்கு மிக அருகில் மாயபிம்பமாக்கிக் காட்டுவதால், அண்மையில் குவியம் கொள்ளக்கூடிய வில்லையே அதற்குப் பொருந்தும். சிறுபொருள் வில்லைக்குத் தட்டை முகப்பு, அகலக்கோண வில்லைக்குக் குவிமாடம் என்பது பொதுவழக்கு.

தேர்ந்தெடுத்தல்

இன்று கிடைக்கும் கருவிகளை மூன்று படிகளில் வைத்துப் பார்க்கலாம். தாமே ஓரளவு நீர் தாங்கும் சிறு படக்கருவிகள் முதற்படி. கோப்ரோ வகை விளையாட்டுப் படக்கருவிகள் 2016இல் வந்த ஹீரோ5 முதல் கூடின்றியே 10 மீட்டர் வரை தாங்குகின்றன. ஒலிம்பஸ் டிஜி வரிசையில் 2023இல் வெளியான டிஜி-7, 15 மீட்டர் வரை தாங்கும். இவற்றுக்கும் கூடு உண்டு. முக்குளிப்புக்குச் செல்வோர் கூட்டையும் சேர்த்தே வாங்குதல் நலம். இரண்டாம் படி, கையடக்கப் படக்கருவியும் அதற்கான பாலிகார்பனேட் கூடும். மூன்றாம் படி, வில்லை மாற்றத்தக்க படக்கருவியும் அதற்கான அலுமினியக் கூடும். இப்படியில் கூட்டின் விலை படக்கருவியின் விலையை மிஞ்சிவிடுவது உண்டு.

தொடங்குவோர் பெரும்பாலும் படக்கருவியின் படப்புள்ளிகளை எண்ணுகிறார்கள். அதை விட முகாமையானது, குறிப்பிட்ட படக்கருவிக்குக் கூடு கிடைக்கிறதா, அதன் வளையங்கள் தனியே விற்கப்படுகின்றனவா என்பதே. ஒரு கூடு பெரும்பாலும் ஒரே ஒரு படக்கருவி மாதிரிக்கே பொருந்தும். பொத்தான் 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பொருந்தாது. படக்கருவி நிறுவனங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதிரியை மாற்றுவதால், நல்ல நிலையிலுள்ள கூடு கூட துணையற்றுப் போகிறது. பெரிய கூடு வாங்குவோர் அதே மாதிரியில் பழைய படக்கருவி ஒன்றையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது சிக்கனமான வழி.

மன்னார் வளைகுடா போன்று சில மீட்டர் தொலைவே தெளிவாகத் தெரியும் நீரில், தொலைவிலிருந்து எடுக்கும் வில்லை பயன்படாது. பொருளை நெருங்கி எடுக்கும் அகலக்கோணமும், மிக அண்மையில் எடுக்கும் சிறுபொருள் வில்லையும் போதும். கூட்டுக்கு வெளியே, நீரிலேயே மாட்டிக் கழற்றும் 67 மி.மீ. திருகு வில்லைகள் இதற்கு வசதியானவை. பணம் குறைவாக இருப்பின் எளிய படக்கருவியும் நல்ல விளக்கும் வாங்குவதே சிறந்தது. விலையுயர்ந்த படக்கருவியை விளக்கின்றிப் பயன்படுத்தினால் நீலமும் பச்சையுமே மிஞ்சும்.

பராமரிப்பு

கூட்டின் கதவு, முகப்பு, பொத்தான்கள் ஒவ்வொன்றிலும் ஓ-ரிங் எனப்படும் வளையம் உள்ளது. கதவிலும் முகப்பிலும் உள்ளவற்றைப் பயன்படுத்துவோரே கழற்றித் துடைக்க வேண்டும். பொத்தான்களில் உள்ளவற்றைப் பழுதுபார்ப்போரிடம் விட்டுவிட வேண்டும். கோவையில் செய்யப்படும் நீர்மூழ்கி மோட்டார்களிலும் திருப்பூர்ச் சாய ஆலைகளின் இயந்திரங்களிலும் இதே தத்துவத்தில் இயங்கும் வளையங்கள் உள்ளன. அவை இயந்திர உதிரிபாகக் கடைகளில் அளவு வாரியாகக் கிடைக்கும். ஆயினும் அளவு ஒத்திருக்கிறது என்பதற்காக அவற்றைப் படக்கருவிக் கூட்டில் மாட்டுதல் கூடாது. தடிமனில் கால் மில்லிமீட்டர் வேறுபாடும், இரப்பரின் கடினத்தன்மையில் உள்ள வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது.

வளையத்திற்குப் பூசும் சிலிக்கான் கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் வழுக்கி அமரவே அது உதவுகிறது. வளையம் மினுமினுக்கும் அளவே போதும். கட்டியாகப் பூசினால் மணலும் முடியும் ஒட்டிக்கொள்ளும். நைட்ரைல் இரப்பருக்கு ஏற்ற கிரீஸ், சிலிக்கான் இரப்பர் வளையத்தை ஊதிப் பெருக்கச் செய்யும். ஆகவே கூட்டுடன் வந்த கிரீஸையே பயன்படுத்த வேண்டும். வளையத்தைக் கழற்றக் குண்டூசியோ திருப்புளியோ கூடாது. பள்ளத்தில் விழும் கீறலை எந்த வளையமும் அடைக்காது. பழைய நெகிழி அட்டையின் முனை போதுமானது.

துடைக்கும் துணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. திருப்பூரில் வெட்டுக்குப் பின் மிஞ்சும் பின்னலாடைத் துண்டுகள் 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் பட்டறைகளுக்குத் துடைக்கும் துணியாக விற்பனையாகின்றன. எண்ணெயை உறிஞ்சுவதில் இதற்கு இணையில்லை. எனினும் வளையத்தைத் துடைக்க இது ஏற்றதன்று. வெட்டிய பின்னல் துணியின் ஓரத்திலிருந்து பஞ்சிழை உதிரும். வளையத்தின் குறுக்கே படிந்த ஒற்றை இழை, நீர் உள்ளே செல்லும் வாய்க்காலாகிவிடும். பஞ்சு உதிராத நுண்ணிழைத் துணியால் துடைத்தபின், வளையத்தை விரல்களுக்கிடையே மெல்ல உருவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் மணல்மணி விரலுக்குத் தப்பாது. பள்ளத்தையும் எதிர்முகத்தையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

பின்னலாடைத் தொழிலிலிருந்து பயன்படக்கூடிய பொருளும் ஒன்று உண்டு. ஏற்றுமதிப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க இடும் சிலிக்கா ஜெல் பொட்டலமே அது. வெம்மையான, ஈரப்பதம் மிகுந்த காற்றை அடைத்து மூடிய கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது முகப்பின் உட்புறம் பனிபோல் நீர்த்துளி படரும். கூட்டைப் படகில் மூடாமல், முந்தைய இரவே குளிரூட்டிய அறையில் மூடி, உள்ளே ஓரிரு சிறு பொட்டலங்களை வைத்தால் இது நேராது. பொட்டலம் வளையத்தின் மீது நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அலமாரியில் படக்கருவியைப் பூஞ்சணத்திலிருந்து காக்கவும் இது உதவும்.

மூடிய கூட்டை நீரில் இறக்கும் முன்பே சோதிக்க வெற்றிடச் சோதனை முறை உள்ளது. சிறு கைப்பம்பினால் கூட்டினுள் உள்ள காற்றில் ஒரு பங்கை உறிஞ்சி, அரைமணி நேரம் விட்டு அழுத்தம் மாறாதிருக்கிறதா எனப் பார்ப்பதே இம்முறை. மாறாவிடில் கூட்டினுள்ளிருக்கும் விளக்கு பச்சையாகவே எரியும். உட்புறக் காற்றழுத்தம் குறைந்திருப்பதால் கதவு இறுகி, மேற்பரப்பில் ஒழுகும் இடரும் குறைகிறது. இந்த வசதி இல்லாத கூட்டுக்குப் பலவற்றில் இதைத் தனியே பொருத்திக்கொள்ளலாம். கூடுதல் வில்லை வாங்கும் முன் வாங்க வேண்டிய பொருள் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கடலிலிருந்து எடுத்தவுடன் கூடு உலர்ந்துவிடக் கூடாது. உலர்ந்தால் உப்புப் படிகங்கள் பொத்தான் தண்டுகளைச் சுற்றி உருவாகி, அடுத்த முறை அழுத்தும்போது வளையத்தை அரிக்கும். நன்னீரில் அரைமணி நேரமாவது ஊறவிட்டு, நீருக்குள்ளேயே ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்தித் திருக வேண்டும். பலரது கருவிகள் மோதிக்கொள்ளும் பொதுத் தொட்டியில் நெடுநேரம் விட்டுவைப்பது நல்லதன்று. வெயிலில் உலர்த்தவும் கூடாது. அலுமினியக் கூட்டில் துருவேறா எஃகுத் திருகுகள் இருப்பதால், உப்புநீர் தங்கினால் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு நிகழும். சில கூடுகளில் படகுகளில் இருப்பது போன்ற தியாக நேர்மின்முனையாகத் துத்தநாகத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். நீண்டநாள் வைத்திருப்பதாயின் கதவு வளையத்தைக் கழற்றிப் பையிலிட்டு, கூட்டைப் பூட்டாமல் வைக்க வேண்டும்.

நீர் புகுந்தால்

கூட்டினுள் நீரைக் கண்டால் முகப்புக் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, வழக்கமான பாதுகாப்பு வேகத்தில் மேலே வர வேண்டும். படக்கருவிக்காக விரைந்து மேலேறுவது உயிருக்கே தீங்காகும். மேலே வந்ததும் மின்கலத்தை உடனே கழற்ற வேண்டும். மின்சாரம் இருக்கும்வரை உப்புநீர் சுற்றுகளை அரித்துக்கொண்டேயிருக்கும். உப்புநீரில் முழுதும் நனைந்த படக்கருவியைக் காப்பாற்றுவது அரிது. நினைவு அட்டையை நன்னீரில் கழுவி உலர்த்தினால் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். விளக்கின் மின்கல அறைக்குள் நீர் புகுந்திருப்பின், உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் கூடியிருக்கக்கூடும். அதன் மூடியை முகத்துக்கு எதிராக வைத்துத் திறக்கக் கூடாது.

வாங்கலும் விற்றலும்

இக்கருவிகளின் மறுவிற்பனை விலை ஒரே சீராகக் குறைவதில்லை. படக்கருவியும் அதன் கூடும் விரைவில் மதிப்பிழக்கின்றன. பொதுத்தர அளவுகளில் அமைந்த உறுப்புகளோ மதிப்பைக் காத்துக்கொள்கின்றன. ஓரங்குலக் குண்டு முனையுள்ள கைகள், 67 மி.மீ. திருகு வில்லைகள், ஒளியிழை வழியே இயங்கும் மின்வெட்டொளி விளக்குகள் ஆகியன எந்த நிறுவனத்தின் கூட்டோடும் பெரும்பாலும் பொருந்தும். ஆகவே விற்பவர் முழுத் தொகுதியாக விற்க முனைவார், ஏனெனில் கூடு தனியே போகாது. வாங்குபவர் தமக்கு வேண்டாத கூட்டுக்கும் விலை கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

பழைய கூட்டை வாங்குவோர் உண்மையில் வாங்குவது முந்தைய உரிமையாளரின் பழக்கத்தையே. வெளித்தோற்றத்தை விடக் கதவு வளையத்தின் பள்ளம், பொத்தான் தண்டுகள், திருகுகளைச் சுற்றிய வெண்பொடி, மின்கல அறையின் பச்சைக் களிம்பு ஆகியவை உண்மையைச் சொல்லும். எப்போது கடைசியாகப் பொத்தான் வளையங்கள் மாற்றப்பட்டன என்று கேட்க வேண்டும். அக்ரிலிக் குவிமாடத்தின் வெளிப்புறச் சிறு கீறல்களை நீரே நிரப்பி மறைத்துவிடும். உட்புறக் கீறல் அவ்வாறு மறையாது. அக்ரிலிக்கைத் தேய்த்து மெருகேற்றலாம். கண்ணாடிக் குவிமாடத்தை வீட்டில் அவ்வாறு செய்ய இயலாது.

எவ்வளவு நம்பிக்கையான இடத்தில் வாங்கினாலும் முதல் இறக்கம் படக்கருவி இன்றியே நிகழ வேண்டும். கடற்கரை இல்லாத மாவட்டங்களில் இருப்போர் இதற்குக் கடலுக்குப் போகத் தேவையில்லை. தோட்டத்துக் கிணறு போதும். வெற்றுக் கூட்டினுள் காகிதக் கைக்குட்டையொன்றை விரித்து, எடை கட்டி, கயிற்றில் மெல்ல இறக்கி, அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு துளி புகுந்திருந்தாலும் காகிதம் காட்டிவிடும், எந்தப் பக்கத்தில் புகுந்தது என்பதையும் சேர்த்து. பொத்தான்கள் அழுத்தப்படாததால் இச்சோதனை முழுமையானதன்று. அதற்கு இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் பழைய பொருள்களை வாங்கி விற்கும் பதிவுபெற்ற வணிகர், உள்ளீட்டு வரி வரவு எடுக்காதிருந்தால், விற்பனை விலைக்கும் கொள்முதல் விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டும் சரக்கு சேவை வரி செலுத்த 2017ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. வெளிநாட்டுக்குக் கருவிகளை எடுத்துச் செல்வோர், புறப்படும்போதே சுங்கத்துறையிடம் தொடர் எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அவை புதிதாக வாங்கியவை எனக் கருதப்பட்டுத் தீர்வை கேட்கப்படுவதைத் தவிர்க்கலாம். அச்சான்று பின்னர் விற்கும்போது உரிமைக்கும் ஆதாரமாகிறது. உதிரி இலித்தியம் மின்கலங்களை விமானத்தில் கைப்பையிலேயே கொண்டு செல்ல வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. விலையுயர்ந்த கருவியை வாங்கிய பின்னரே பலருக்குத் தெரியவரும் செய்தி மற்றொன்றும் உண்டு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் நுழையவும் படமெடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

நிக்கோனாஸ் படக்கருவிகள் இன்றும் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. 35 மி.மீ. படச்சுருளும் அதைக் கழுவித் தரும் கூடமும் கிடைப்பவர்களுக்கு அவை இன்னும் பயன்படும். ஆனால் அதன் 15 மி.மீ., 28 மி.மீ. வில்லைகள் நீரைத் தொட்டபடி இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. கடையில் மாட்டிப் பார்த்தால் படம் மங்கலாகவே விழும். அதைக் கொண்டு வில்லை பழுது என்று முடிவு செய்துவிடக் கூடாது. 35 மி.மீ., 80 மி.மீ. வில்லைகள் நிலத்திலும் இயங்கும். சோதித்து வாங்க விரும்புவோர் இவ்விரண்டில் ஒன்றை மாட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம்.